உரக்கடை மாடியில் ஒரு பெண் விசாரிப்பு

இந்த மனநல ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நெறிமுறை வகுப்பில் உங்களுக்குக் கொடுத்த தடிப் புத்தகத்தை நானும் படித்தவள்தான். நல்ல புத்தகம். காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க அதைவிட வாகான ஒன்று எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. எழுதியவர்கள் பெரிய நகரத்து ஆட்கள். அங்கே சிகிச்சைக்கு வந்தவர் நம் அறையை விட்டு வெளியேறினால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவார். நம் பக்கத்தில் அப்படியா? காலையில் நம்மிடம் அழுதுவிட்டுப் போனவர் மாலையில் ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார். அவருடைய மச்சினன்தான் நம் வீட்டுக் குழாயைச் சரிபண்ண வருவான். வந்தவன் சும்மா இருப்பானா, "எங்க மாமா இப்பப் பரவாயில்லீங்களா?" என்று ஸ்பேனரும் கையுமாகக் கேட்பான்.

என் முதல் வேலை தேவிகுளத்தில். எஸ்டேட் லைன் வீடுகள் உங்களுக்குத் தெரியும்: ஒரே நீளக் கூரை, வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு ஒற்றைச் சுவர். போன புதிதில் ஒரு பெண்மணியின் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் முறையாகச் செய்தேன். அவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏக்கா, பொங்கலன்னிக்கு ஒம் மாமியா தட்டத் தூக்கி வீசுனாளே, அதச் சொல்லவே இல்லியே?" நான் திகைத்துப் போனேன். அந்த அம்மாவோ, "அட ஆமா, அத விட்டுட்டேன் பாருங்க" என்று அதையும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கே என் பாதிப் படிப்பு ரத்தாகிவிட்டது.

இன்று நான் சொல்ல வந்தது தேவிகுளத்துக் கதை அல்ல. பல வருஷம் மலையில் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் சொந்த ஊர்ப் பக்கம், கேரள எல்லைக்கு உள்ளே இருக்கும் வடகரப்பதியில் ஒரு உரக்கடையின் மாடியில் அறை எடுத்து உட்கார்ந்தேனே, அந்தக் கதை. சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கியாயிற்று. பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் அத்தை மட்டும் தன் பெயரை மாற்றவே கூடாது என்று அடம் பிடித்தார். அதையும் மாற்றிவிட்டேன்.

உரக்கடைக்கு மேலே ஏன் என்று கேட்காதீர்கள். அதுதான் அந்த இடத்தின் அழகே. மாடிப்படி கடையின் பக்கவாட்டில். வருகிறவர்கள் வண்டியைக் கடை வாசலில் நிறுத்துவார்கள். உள்ளே போய் யூரியா விலை கேட்பார்கள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படியேறுவார்கள். சிலர் திரும்பும்போது நிஜமாகவே ஒரு மூட்டை வாங்கிப் போவார்கள். காடு தோட்டமே இல்லாத ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் எத்தனை மூட்டை சேர்ந்திருக்கும் என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன். கடைக்காரர் பழனிச்சாமி என்னைவிடப் பெரிய நெறிமுறைக்காரர். யாரைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "உரம் வாங்க வந்தாங்க."

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் எங்கள் ஊரிலேயே மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். தெரிந்துவிடுமே! அவர்கள் பார்டர் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போவார்கள். பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்தவர்கள் அதே காரணத்துக்காக இந்தப் பக்கம் என்னிடம் வருவார்கள். வேலந்தாவளம் செக்போஸ்டில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே கடந்து போகும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கார்த்தி அப்படித்தான் வந்தான். கிணத்துக்கடவுப் பக்கத்துப் பையன். இளநீர் லோடு ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருந்தான். அவனுடைய அப்பா தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து இவனுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடைக்கும், கை மரத்துப்போகும், சாகப்போகிறோம் என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். இசிஜி எல்லாம் எடுத்தாயிற்று. இதயம் சுத்தமாக இருந்தது. பயம்தான் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குறிப்பாக அத்தைக்கு. அவன் வாரம் தவறாமல் வந்து, யூரியா விலை கேட்டு, படியேறி, மெதுவாகத் தேறிக்கொண்டிருந்தான்.

அப்போது அவனுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. பேச்சு என்ன பேச்சு, அவனே முடிவு செய்து வைத்திருந்த பெண்தான். காலேஜில் கூடப் படித்தவள், சுகன்யா. வடகரப்பதியில் தக்காளியும் கடலையும் போடும் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் இரண்டு பேரும் பேசிவைத்து, தரகர் மூலமாக ஜாதகத்தை அனுப்பி, தற்செயலாகப் பொருந்திய மாதிரி நாடகம் போட்டிருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கு நெஞ்சு அடைக்காது. தான் மாடிப்படி ஏறுகிற விஷயத்தை அவளிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் விசாரிப்பு என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரிய மனுஷி கிளம்பி, பெண்ணின் ஊரில் தையல்காரர், பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று ஒரு சுற்று வருவார். போலீஸ்காரர்கள் கூட அவ்வளவு நுணுக்கமாகக் கேட்க மாட்டார்கள். நான் கடை விரித்த கொஞ்ச நாளில் அந்தச் சுற்றில் என் மாடியும் சேர்ந்துகொண்டது. நேராகக் கேட்க மாட்டார்கள். முறையாக நேரம் வாங்கி, தனக்குத் தூக்கமே வருவதில்லை என்று ஆரம்பித்து, நான் நோட்டை எடுத்ததும் குனிந்து கேட்பார்கள்: "ஏனுங்க, இன்னார் ஊட்டுப் பொண்ணு இங்க வருதுங்களா?"

இதற்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில். வந்தவர்களைப் பற்றியும் சொல்ல மாட்டேன், வராதவர்களைப் பற்றியும் சொல்ல மாட்டேன். வராதவர்களை "வரலை" என்று சொல்ல ஆரம்பித்தால், அப்புறம் வந்தவர்களுக்கு நான் வாயை மூடிக்கொள்ளும்போது அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இது பெரிய கணக்கல்ல, சின்னக் குழந்தைக்கும் புரியும். கார்த்தியின் அத்தைக்குத்தான் புரியவில்லை.

சரசக்கா என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் வலியோடு படியேறி வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, தலைசுற்றல், ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று ஆரம்பித்தார். எனக்கு அவர் யார் என்று தெரியாது. ஐந்தாவது வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

"எங்கண்ணன் போனப்பறம் அந்தக் குடும்பத்துக்கு நான்தானுங்க. எங்க கார்த்தி தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. எங்கூட்ல இந்த மாதிரி மனசு வியாதியெல்லாம் யாருக்கும் வந்ததில்லீங்க." சொல்லிக்கொண்டே அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் அந்தத் தங்கமான பையன் முந்தின வாரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருந்தான். என் முகத்தை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. வாய்க்குள் கன்னத்தைக் கடித்துக்கொள்வது ஓரளவு உதவும்.

"இங்க ஒரு புள்ளையப் பாத்திருக்கோம். சுகன்யான்னு. அந்தப் புள்ள வண்டி அடிக்கடி இந்தக் கடைக்கு முன்னால நிக்குதாமா. ஊர்ல சொல்றாங்க. நெசமுங்களா?"

"நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லீங்க. வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன், வராட்டியும் சொல்ல மாட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "புரிஞ்சுதுங்க" என்றார். என்ன புரிந்தது என்று நான் கேட்பதற்குள் தலைசுற்றலை மறந்துவிட்டு மளமளவென்று இறங்கிப் போய்விட்டார்.

சுகன்யாவின் வண்டி அந்தக் கடை வாசலில் நின்றது உண்மைதான். அவள் அங்கே உரம் வாங்க வந்தாள். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான். தக்காளிக்கு மருந்து, கடலைக்கு ஜிப்சம். அந்தக் கடைக்கு நிஜமாகவே உரம் வாங்க வந்த சொற்ப ஆட்களில் அவளும் ஒருத்தி. சரசக்கா கீழே பழனிச்சாமியிடமும் கேட்டிருக்கிறார். அவரும் மனசார உண்மையைச் சொல்லியிருக்கிறார்: "உரம் வாங்க வந்தாங்க." வருஷக்கணக்காக எல்லாருக்கும் அதே பதிலைச் சொன்ன மனுஷன். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. காரணத்தைச் சரசக்கா தரகரிடம் சொல்ல, தரகர் டீக்கடையில் சொல்ல, ஊரே சொன்னது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பட்டப்பகலில், கடை வாசலில் ஸ்கூட்டியை ஓங்கி ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு ஒரு பெண் படியேறி வந்தாள். கையில் பூச்சிமருந்து நாற்றம். தக்காளிக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"நான்தானுங்க சுகன்யா. என்னை இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களா?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் இங்க வந்ததே இல்லைன்னு அவங்க ஊட்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. போன்லயே சொல்லுங்க, போதும்."

"சொல்ல முடியாதுங்க அம்மிணி."

"இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு என்னங்க கேடு? பொய்யா சொல்லச் சொல்றேன்?"

காரணத்தைச் சொன்னேன். அவள் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டாள். புரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"அப்ப இங்க வந்துட்டுப் போற யாரையோ காப்பாத்தறதுக்கு, வராத நான் மாட்டிக்கோணுமா? எனக்கு ஏதாவது வந்தா நான் கோயம்புத்தூர்தானுங்க போவேன். உங்ககிட்ட எவ வருவா?"

அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் இன்றைக்கு அவள் வரவில்லை என்று சொன்னால், நாளைக்கு அவள் வீட்டிலிருந்தும் ஒருவர் படியேறி வந்து மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பார். கேட்காமல் விடுவார்களா? அப்போது நான் வாயை மூடினால் அந்தப் பையன் காலி. பெண்ணுக்குச் சொன்னேன், பையனுக்குச் சொல்லவில்லை என்றால் முடிந்தது கதை. அவளுக்கு வேண்டிய பையனையே தொலைக்கச் சொல்லி அவள் என்னிடம் மன்றாடுகிறாள். அதைக்கூட அவளிடம் சொல்ல முடியாது. அவள் இறங்கிப் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். உங்களுக்கும் அப்படி வந்தால் அழுதுவிடுங்கள். அடுத்தவர் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டால் போதும்.

அந்த வாரத்தில் அவளுடைய அப்பா படிக்குக் கீழே நின்று, "எங்கூட்டுப் புள்ளைக்கு என்ன கேடுன்னு இந்த ரோட்டுல வெச்சுச் சொல்லுங்க!" என்று சத்தம் போட்டார். அவரைப் பழனிச்சாமி கடைக்குள் கூட்டிப்போய் சோடா கொடுத்தார். பிறகு மேலே வந்து என்னிடம் குசுகுசுத்தார். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்கம்மா. நல்ல புள்ளைங்க அது. எம்பட கடையில கடனே சொல்லாது." எனக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் ஒருவர் பாலக்காட்டில் ஓய்வாக இருந்தார். அவருக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எடோ, நீ வாயைத் திறந்தால் யாருக்கு நிம்மதி?" என்றார். அந்தப் பெண்ணுக்கு என்றேன். "வேறு யாருக்கு?" எனக்கு என்றேன். "ரெண்டில் எது பெரிசு என்று முதலில் பார். அடுப்பில் மீன் குழம்பு கிடக்கிறது" என்று வைத்துவிட்டார். ஆயுள் முழுக்க அவர் எனக்குக் கொடுத்த எல்லா ஆலோசனையும் ஏதாவது குழம்பில்தான் முடிந்திருக்கிறது. ஆனாலும் அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்த நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், அந்தப் பெண் என்னைத் திட்டக் கூடாது, அவள் அப்பா ரோட்டில் கத்தக் கூடாது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை கார்த்தி வந்தான். கவனமாகக் கேளுங்கள், சோதனை இங்கேதான். நீங்கள் வெளியில் தெரிந்துகொண்ட எதையும் அவன் மேல் பிரயோகிக்கக் கூடாது. அத்தை வந்தது அத்தையின் விஷயம். சுகன்யா சொன்னது சுகன்யாவின் விஷயம். அவன் என்ன கொண்டு வருகிறானோ அதுதான் மேசையில் இருக்கலாம். சொல்வது சுலபம். எனக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவனே ஆரம்பித்தான். "கல்யாணம் நின்னு போச்சுங்க மேடம். அவ இங்க வர்றாளாமா. அத்தை சொல்றாங்க." பிறகு தயங்கி, "நெசமுங்களா? அவ வந்தாளா?"

"சொல்ல மாட்டேன் கார்த்தி. உங்களைப் பத்தி யார் கேட்டாலும் இதேதான்."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "ஊட்ல அத்தை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டாங்க. அந்த மாதிரி எடத்துக்குப் போற பொண்ணு நமக்கெதுக்கு, பைத்தியத்தைக் கூட்டீட்டு வந்து குடும்பம் நடத்தறதான்னு."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அந்த மாதிரி இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது யாரப்பா? கையை மடியில் கோத்துக்கொண்டேன். "போய் உண்மையைச் சொல்லு" என்று நான் சொன்னால் அவன் சொல்லிவிடுவான். என்மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் அது என் பேச்சைக் கேட்டு நடந்ததாக இருக்கும். நாளைக்கு வீட்டில் ஏதாவது ஆனால், நெஞ்சு அடைப்பவன் அவன், நான் இல்லை. அவன் வாழ்க்கையை எடுத்து என் பிரச்சினைக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. அதற்கு ஜன்னலுக்கு வைத்த புத்தகம் இருக்கிறதே. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அத்தை அப்படிப் பேசறப்ப நீங்க என்ன பண்ணீட்டிருந்தீங்க?"

"சாப்பிட்டுட்டிருந்தேன்."

"அப்பறம்?"

"இன்னொரு தோசை கேட்டேங்க" என்றான். சொன்னதும் அவன் முகம் மாறியது. அவன் அதுவரை பயந்து பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நினைத்ததெல்லாம் அவனுடைய பிக்கப்பில் ஒரு லோடு ஏறும்.

அவன் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இந்த மாதிரி நாட்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கேள்வி தப்பாகிவிட்டதோ, பையன் எங்கேயாவது வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்திருக்கிறானோ, அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்களோ என்று சோறு இறங்கவில்லை. சுகன்யா கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டிருந்தாள். உரத்துக்கு ஆள் அனுப்பினாள்.

ஒரு நாள் காலையில் வண்டிச் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், பிக்கப் கடை வாசலில் நிற்கவில்லை, நேராக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. யூரியா விலை கேட்கவில்லை. முன்சீட்டிலிருந்து சரசக்காவைக் கையைப் பிடித்து இறக்கினான். அவர் ஒவ்வொரு படிக்கும் நின்று, "இங்க எதுக்குடா கூட்டீட்டு வர்றே, அதான் ஒருதடவை வந்துட்டேனே" என்று திட்டிக்கொண்டே ஏறி வந்தார். அவரை அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்து, இவன் நின்றுகொண்டான்.

"அத்தை, சுகன்யா இங்க வந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் தப்பில்லை. நான் இங்க வந்துட்டிருக்கேன். அப்பா போனதுலருந்து."

சரசக்கா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நெசமுங்களா?"

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

கார்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்க மேடம், நானேதான சொல்லச் சொல்றேன்!"

"அதான் நீங்களே சொல்லீட்டீங்களே. நான் வேற எதுக்குங்க?"

சரசக்கா வெகுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அழ ஆரம்பித்தார். "உங்கொப்பன் நெஞ்சைப் புடிச்சுட்டு உளுந்தப்ப நானும்தான்டா பக்கத்துல இருந்தேன். எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனச்சியா? எங்கிட்ட ஏன்டா சொல்லல?" தூக்கம் வருவதில்லை என்று அவர் முதல் தடவை சொன்னதை விசாரிப்புக்கான சாக்கு என்று நான் நினைத்திருந்தேன். சாக்கு இல்லை போலிருக்கிறது. அவரைக் கோயம்புத்தூரில் இன்னொருவரிடம் அனுப்பினேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை நான் பார்ப்பது சரியல்ல என்பது ஒரு காரணம். அந்த வாய்க்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது என்பது இன்னொரு காரணம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய சரசக்கா திரும்பிவிட்டார். "அப்ப அந்தப் புள்ள எதுக்குத்தான் வண்டிய இங்க நிறுத்துச்சு?"

படியில் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த பழனிச்சாமி கத்தினார்: "உரம் வாங்கங்க!"

"நீங்க பேசாதீங்க. உங்களை ஒருக்காலும் நம்ப முடியாது" என்றார் சரசக்கா.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சுகன்யா கொஞ்ச நாள் கழித்துப் படியேறி வந்தாள், இந்தத் தடவை உட்கார்ந்தாள். கார்த்தி அவள் வீட்டுக்கே போய், அவள் அப்பாவின் முன்னால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், தோசை உட்பட.

"அவன் இங்க வந்தது பெருசே இல்லீங்க. எங்கிட்டயே சொல்லியிருந்தா நானே வண்டி ஓட்டிக் கூட்டீட்டு வந்திருப்பேன். என்னைப் பேசறப்ப தோசை கேட்டானே, அதுதான் செரிக்க மாட்டேங்குது. மழை முடியட்டும், பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

எழுந்தவள் கதவருகில் நின்று திரும்பினாள். "உங்க ரூலு நல்ல ரூலுதானுங்க. இப்பப் புரியுது. ஆனா உங்க ரூலுக்கு நான் எதுக்குங்க கஷ்டப்படோணும்? அதை மட்டும் நீங்க யாரும் எனக்குச் சொல்லவே இல்லை."

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். இந்தத் தொழிலில் நம் நேர்மைக்கு நாம் மட்டும் விலை கொடுத்தால் பரவாயில்லை. பல நேரம் அறைக்குள் காலே வைக்காத ஒருவர் கொடுக்கிறார். அதை மறந்துவிட்டு, "நான் விதிப்படி நடந்தேன்" என்று நிம்மதியாகத் தூங்குபவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் சொன்ன பிறகு ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். விசாரிக்க வருபவர்களைப் பெயரையே சொல்ல விடுவதில்லை. "ஏனுங்க, இன்னார்..." என்று வாயெடுக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். பெயரே விழாவிட்டால் என் மௌனம் யார் தலையிலும் போய் உட்காராது. எத்தனை பேர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னார்கள் தெரியுமா? சொல்லட்டும்.

மழை முடிந்து, தை பிறந்த பிறகு கல்யாணம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மண்டபத்தில். சிகிச்சைக்கு வருபவரின் கல்யாணத்துக்குப் போகலாமா? புத்தகம் கூடாது என்கிறது. வடகரப்பதியில் போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள், அது வேறு வம்பு. கார்த்தியிடமே கேட்டேன், வரட்டுமா, வேண்டாமா, யாராவது எப்படிப் பழக்கம் என்று கேட்டால் என்ன சொல்லட்டும் என்று. வாங்க என்றான். என்ன சொல்வது என்பதை என்னிடமே விட்டுவிட்டான்.

பந்தியில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் பழனிச்சாமி. என் பக்கத்தில் பச்சைப் பட்டு கட்டிய ஒரு அம்மா.

"நீங்க பொண்ணு ஊடுங்களா, மாப்ள ஊடுங்களா?"

"உரக்கடைப் பழக்கம்ங்க" என்றேன். பழனிச்சாமி இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அந்த அம்மா என்னை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. இலையை என் பக்கம் நகர்த்திக்கொண்டு குனிந்தார். "நீங்க அந்த மாடியில இருக்கற டாக்டரம்மாதானுங்களே? எங்க பையனுக்கு ஒரு பொண்ணு பாக்கறோமுங்க. ஏனுங்க, அந்த..."

நான் கையை உயர்த்துவதற்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பாயச வாளி வந்து இறங்கியது. சரசக்கா. மாப்பிள்ளையின் அத்தை என்ற மிடுக்கில் தானே பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, அவங்ககிட்டக் கேக்காதீங்க. சொல்ல மாட்டாங்க. தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டாங்க. சொல்லலைன்னா அதுக்கு ஏதோ அர்த்தமிருக்குன்னு நெனச்சுப்போடாதீங்க, ஒரு அர்த்தமும் கெடையாது. நாங்க அர்த்தம் பண்ணிக்கிட்டுப் பட்ட பாடு போதும். பொண்ணு எப்படின்னு தெரியோணும்னா நேராப் போயி அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க."

பச்சைப் பட்டு அம்மா இலையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சரசக்கா கரண்டியை வாளிக்குள் விட்டு ஆழமாகக் கிளறி, முந்திரியாகப் பார்த்து என் இலையில் ஊற்றினார்.